கலைமான் மேய்ச்சல் மறக்கும் மாதம்

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஹைலேண்ட்ஸ் என்று வழங்கும் மலைநாட்டில் வாழும் செம்மான்கள் ஆண்டின் பெரும்பகுதியை ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிந்தே கழிக்கின்றன. பிணைமான்கள் பிறந்த பள்ளத்தாக்கை விட்டு அதிகம் விலகுவதில்லை. தாயும் மகளும் பேத்தியும் ஒரே புல்தரையைச் சுற்றி மேய்ந்து முதுமை அடைகின்றன. ஆண் கன்றுகள் இரண்டு, மூன்று வயதில் அந்த நிலத்தை விட்டு வெளியேறி, வேறொரு மலைப்பக்கத்தில் மற்றக் கலைமான்களோடு சேர்ந்துகொள்கின்றன. புரட்டாசி பிறந்த சில நாளில், அதாவது செப்டம்பரின் பிற்பகுதியில், இந்த ஏற்பாடு குலைகிறது. அதுவரை ஒன்றாக மேய்ந்த கலைகள் ஒன்றையொன்று சகிக்க முடியாமல் பிரிந்து, பிணைகள் இருக்கும் இடம் தேடித் தனித்தனியே நடக்கத் தொடங்குகின்றன. நவம்பரின் முதல் வாரங்களுக்குள் இணைகூடும் பருவம் முடிந்துவிடும். இந்த ஐந்தாறு வாரங்களில் மான் எங்கே போகிறது, எதைத் தின்கிறது, எந்த நாளில் தின்பதை நிறுத்துகிறது என்ற அறிவு பல நூற்றாண்டுகளாக அந்த மலைநாட்டில் சேர்ந்தது. வேட்டைக்காரர்களும் கால்நடை வளர்த்தவர்களும் நிலப்பிரபுக்களும் ஆய்வாளர்களும் அதை வெவ்வேறு காரணங்களுக்காகத் தேடினார்கள்.

கலைமானின் ஆண்டைக் கொம்பிலிருந்து கணக்கிடலாம். முதிர்ந்த கலைகள் மார்ச், ஏப்ரலில் பழைய கொம்பை உதிர்க்கின்றன. உடனே புதியது முளைக்கிறது. நான்கு மாதம் அது மெல்லிய மயிர் படர்ந்த தோலுக்குள் இரத்த ஓட்டத்தோடு வளர்கிறது. ஆகஸ்டில் வளர்ச்சி நின்றதும் அந்தத் தோலைப் புதர்களில் உரசிக் கிழித்துக்கொள்கின்றன. கோடை முழுவதும் கலைகள் உயர்ந்த சரிவுகளிலேயே இருக்கின்றன. அங்கே பனி தாமதமாக உருகுவதால் புல்லும் தாமதமாகத் தளிர்க்கிறது. கீழே முற்றிப்போன புல்லைவிட அது சத்து மிக்கது. மேலே காற்று வீசுவதால் ஈயும், மிட்ஜ் எனப்படும் பொடிக்கொசுவும் அண்டுவதில்லை. பகல் நீண்டது, மேய்ச்சலும் நீண்டது. செப்டம்பர் நடுவில் ஒரு நல்ல கலைமானின் முதுகிலும் விலாவிலும் கொழுப்பு திரண்டிருக்கும். ஆண்டிலேயே அதன் உடல் மிகக் கனத்திருக்கும் நாள்கள் அவை.

பகல் குறையக் குறைய உடலின் உள் வேலையும் மாறுகிறது. இரவின் நீளத்துக்கேற்பச் சுரக்கும் மெலடோனின், ஆண் சுரப்பிகளைத் தூண்டும் தொடர்ச்சியை இயக்குகிறது. கழுத்து பருக்கிறது, பிடரியில் மயிர் அடர்கிறது, கோடை முழுவதும் ஊமையாக இருந்த மிருகம் கர்ஜிக்கத் தொடங்குகிறது. பீட் எனப்படும் கரிய மட்கு மண்ணில் நீர் தேங்கிய குழிகளைத் தேடிப்போய்ப் புரண்டு, உடலெங்கும் சேறும் தன் சிறுநீர் வாடையுமாக எழுந்து வருகிறது. பிறகு நடை. சில கலைகளுக்கு அது அடுத்த சரிவு வரைதான். சிலவற்றுக்கு மலைத்தொடரையே தாண்டும் பயணம். ஆண்டுதோறும் ஒரு கலை பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்புகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மேயும் பிணைகளை வளைத்து, பிற ஆண்களை அண்டவிடாமல் இரவும் பகலும் காவல் நிற்கிறது. வேறு காலத்தில் நாளின் ஏறத்தாழ பாதியை மேய்ச்சலில் கழிக்கும் விலங்கு, கூட்டம் கையிலிருக்கும்போது இருபதில் ஒரு பங்கு நேரத்தைக்கூட அதற்குக் கொடுப்பதில்லை. அக்டோபர் முடிவதற்குள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துவிடும்.

பிணைகள் அப்படி நிறுத்துவதில்லை, அவை மேய்ந்துகொண்டேயிருக்கின்றன. மே இறுதியிலோ ஜூனிலோ ஈன்ற கன்றுக்குப் பால் கொடுத்தபடியே குளிர்காலத்துக்கும் அடுத்த சூலுக்கும் உடலில் இருப்புச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு. ஆகவே அவை நல்ல புல் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கின்றன. அவை நிற்கும் இடத்துக்குக் கலைகள் வருகின்றன. ஹைலேண்ட்ஸின் பெரும்பகுதி ஹெதர் புதரும் முரட்டுச் சதுப்புப் புல்லும் மூடியது. ஆறுகளின் ஓரத்திலும் கடற்கரையை ஒட்டியும் மட்டுமே குட்டையான, மென்மையான பசும்புல் திட்டுகள் உண்டு. அக்டோபரில் எந்தத் திட்டில் பிணைகள் கூடுகின்றன என்று தெரிந்தால் கலைகளின் பாதையும் தெரிந்த மாதிரிதான். அந்தத் திட்டுகளில் பல இயற்கையாக உண்டானவையும் அல்ல. மனிதர் பயிரிட்டு, உரமிட்டு உண்டாக்கியவை.

பழைய கேலிக் சமூகம் இந்த நடமாட்டத்தை உணவுக்காகக் கற்றது. அவர்களுடைய பெருவேட்டை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நடந்தது. கலையின் மேல் கொழுப்பு இருக்கும், கர்ஜனை இன்னும் தொடங்கியிருக்காது. இறைச்சி மிகச் சிறந்திருப்பது அப்போதுதான். டிஞ்செல் என்பது அந்த வேட்டைமுறையின் பெயர். நூற்றுக்கணக்கான ஆட்கள் பல மைல் சுற்றளவுக்கு வளையமாகப் பரவி, மான்களைத் திரட்டி, மெல்ல மெல்ல ஒரு குறுகிய பள்ளத்தை நோக்கி ஓட்டுவார்கள். அங்கே வில்லும் பிறகு துப்பாக்கியும் வேட்டைநாய்களும் காத்திருக்கும். மான் எதைச் செய்யும் என்பதைத் துல்லியமாக அறியாமல் இப்படி ஒரு வளையம் போட முடியாது. 1549இல் மேற்குத் தீவுகளைச் சுற்றிய டொனால்ட் மன்றோ என்ற பாதிரியார், ரம் தீவைப் பற்றி எழுதும்போது அந்த அறிவைப் பதிந்திருக்கிறார். விரட்டினால் மான் மேல்நோக்கித்தான் ஏறும். விரட்டாவிட்டாலும் இயல்பாக மேல்நோக்கியே போகும். ஆகவே வேட்டைக்காரர்கள் குன்றின் உச்சியில்தான் அமர வேண்டும் என்பது அவர் குறிப்பு. ரம்மின் மலைச்சரிவுகளில் மான்களை ஒடுக்கிக் கொண்டுவந்த கற்சுவர்களின் மிச்சம் இன்றும் கிடக்கிறது.

அரசர்கள் வந்தபோது இதே முறை காட்சியாகப் பெருத்தது. 1560களில் ஸ்காட் அரசி மேரிக்காக அட்டோல் பிரபு நடத்திய வேட்டையில், மான் திரட்ட மட்டும் 2,000 பேர் அனுப்பப்பட்டதாகவும், 360 மான்களும் ஐந்து ஓநாய்களும் வீழ்ந்ததாகவும் வில்லியம் பார்க்லே எழுதிவைத்தார். 1618இல் லண்டனிலிருந்து நடந்தே ஸ்காட்லாந்து போன ஜான் டெய்லர் என்ற தேம்ஸ் படகோட்டிக் கவிஞர், பிரேமர் மலைகளில் மார் பிரபுவின் வேட்டையைக் கண்டார். ஐந்நூறு, அறுநூறு பேர் விடியலில் சிதறிப்போய், பல மைல் தொலைவிலிருந்து மந்தைகளை ஓட்டிவந்ததையும், இரண்டே மணி நேரத்தில் 80 கொழுத்த மான்கள் விழுந்ததையும் அவர் விவரிக்கிறார். இந்தக் கணக்குகளில் கொஞ்சம் விருந்தினரின் வியப்பும் கலந்திருக்கலாம். ஆனாலும் இலையுதிர் காலத்துக்கு முன்பே மான்களை முடித்துவிட வேண்டும் என்ற காலக்கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கிறது.

வேட்டை நாள்கள் தவிர்ந்த காலத்திலும் மலையில் ஆள் நடமாட்டம் இருந்தது. கோடையில் ஊரார் மாடு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு உயர்ந்த மேய்ச்சலுக்குப் போய், கல்லும் புல்கரணையும் அடுக்கிய சிறு குடிசைகளில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தார்கள். ஷீலிங் என்ற அந்த வழக்கம் பல நூற்றாண்டு நீடித்தது. மந்தை அடைந்த இடமெல்லாம் சாணம் ஊறிப் பசும்புல் பரவியது. ஊர்ப்பக்கத்தில், கடற்பாசியை வெட்டிச் சுமந்து வந்து வரப்புகளில் கொட்டி ஓட்ஸும் பார்லியும், பின்னாளில் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். கோடை முடிந்து மனிதரும் மாடும் இறங்கிய பிறகு, அந்தப் புல்லில் மான் மேய்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெட்ல்பேன் பிரபுவின் மலைகளில் காவல்காரராக இருந்த டங்கன் பான் மக்கின்டயர் இந்த உலகத்தின் கடைசிக் குரல்களில் ஒருவர். எழுதப்படிக்கத் தெரியாத அவர் பென் டோரன் மலையைப் பற்றி வாய்மொழியாகப் பாடிய நெடும்பாடல் கேலிக் இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்று. மானின் மேய்ச்சலும் மூலிகையும் நீர்த்துறையும் நடையும் அதில் அவ்வளவு நுட்பமாக இருக்கின்றன. பிறகு அதே மலைகள் செம்மறியாடுகளுக்குப் போனதைப் பார்த்து மனம் நொந்தும் அவர் பாடினார்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிலப்பிரபுக்கள் குடிகளை வெளியேற்றிவிட்டுத் தெற்கிலிருந்து வந்த ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். ரம் தீவில் 1826இல் ஏறத்தாழ 300 பேர் கப்பலேற்றப்பட்டு, கனடாவின் கேப் பிரெட்டன் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியவர்களில் மேலும் பலர் 1828இல் போனார்கள். அந்தத் தீவில் பூர்வீக மான்கள் அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோயிருந்தன. பெருநிலத்திலும் ஆடு பெருகிய இடத்தில் மான் ஒதுங்கியது. அட்டோல், மார் போன்ற சில பெரிய எஸ்டேட்டுகளில் மட்டுமே அதற்கென இடம் விட்டிருந்தார்கள்.

அடுத்த திருப்பத்தை உண்டாக்கியவர்கள் விளையாட்டாக வேட்டையாட வந்தவர்கள். வில்லியம் ஸ்க்ரோப் என்ற ஆங்கிலேயச் செல்வர் அட்டோலில் ஆண்டுகள் பல வேட்டையாடி, 1838இல் அந்தக் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆளனுப்பி மானை ஓட்டிவரும் பழைய முறையை விட்டு, ஒற்றை மானைத் தொலைவிலிருந்து கண்டு, காற்றுக்கு எதிராக மணிக்கணக்கில் தவழ்ந்து நெருங்கிச் சுடுவது அந்தக் கலை. ஸ்டாக்கிங் என்ற அந்தப் பதுங்கு வேட்டை லண்டன் சீமான்களிடையே பற்றிக்கொண்டது. 1848இல் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட்டும் பால்மோரலுக்கு வந்து, 1852இல் அதை விலைக்கே வாங்கியபின் அது கௌரவத்தின் அடையாளமாகிவிட்டது. 1851இல் எட்வின் லேண்ட்சியர் வரைந்த கலைமான் ஓவியம் வீடுதோறும் அச்சுப்படமாகத் தொங்கியது. 1860களில் ரயில் இன்வர்னஸ் வரை நீண்டது. 1870களுக்குப் பிறகு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கம்பளி வந்து குவிந்து ஆட்டுப்பண்ணை நட்டப்பட்டதும், மான்களுக்காக விடப்பட்ட நிலம் விறுவிறுவென வளர்ந்தது. டியர் ஃபாரஸ்ட் என்று இவற்றுக்குப் பெயர். மரம் அநேகமாக இருக்காது, வெட்டவெளி மலைதான். 1912இல் இப்படி 200க்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகள் சுமார் 35 லட்சம் ஏக்கரைப் பிடித்திருந்தன.

இந்த நிலத்தில் ஸ்டாக்கர் என்ற தொழில் பிறந்தது. எஸ்டேட்டின் சம்பளத்தில் ஆண்டு முழுவதும் மலையில் இருக்கும் இவர், தொலைநோக்கியால் சரிவுகளைத் தேடி, எந்தக் கலையைச் சுடலாம் என்று தீர்மானித்து, விருந்தாளியைத் தவழவைத்து அழைத்துப்போய், கடைசி நொடியில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பார். கில்லி எனப்படும் உதவியாள் குட்டைக் குதிரையோடு பின்னால் காத்திருந்து, விழுந்த மானைச் சுமந்து கீழே இறக்குவார். பலர் அதே மலையில் முன்பு ஆடு மேய்த்தவர்களின், வெளியேற்றத்தில் தப்பியவர்களின் பிள்ளைகள். டிஞ்செல் காலத்து அறிவு இவர்களிடம்தான் வந்து சேர்ந்தது. 1900இல் லோவட் பிரபு தென்னாப்பிரிக்கப் போருக்குத் திரட்டிய சாரணர் படை, ஸ்டாக்கர்களையும் கில்லிகளையும் அவர்களுடைய தொலைநோக்கிகளோடு அப்படியே எடுத்துக்கொண்டது.

ஸ்டாக்கரின் பருவம் இரண்டு பாதியாகப் பிரியும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் பாதியிலும் கலைகள் உயரத்தில் கூட்டமாக இருக்கும். அமைதியாக மேய்ந்து, நடுப்பகலில் எல்லாப் பக்கமும் பார்வை படும் மேட்டில் படுத்து அசைபோடும். கூட்டத்தில் எத்தனை தலையோ அத்தனை காவல். செப்டம்பர் 20ஐ ஒட்டி முதல் கர்ஜனை கேட்டதும் நிலைமை தலைகீழாகும். நேற்று ஆறு கலை நின்ற சரிவு இன்று காலியாக இருக்கும்; பார்த்தே அறியாத ஒரு கலை அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்து நிற்கும். குரலே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கலையின் கவனமோ போட்டியாளர்மேல். ஆனால் சுற்றியுள்ள பிணைகள் ஒன்றையும் விடுவதில்லை. அனுபவமுள்ள ஒரு கிழட்டுப் பிணை தலை தூக்கிக் குரைத்தால் நான்கு மணி நேரத் தவழல் வீண். அக்டோபர் 10 வாக்கில் பெரும்பாலான எஸ்டேட்டுகள் கலைவேட்டையை முடித்துக்கொண்டன. அந்த நாளுக்குள் கூட்டம் வைத்த கலைகள் வயிறு ஒட்டி, கழுத்து வீங்கி, ஊன் நாறத் தொடங்கியிருக்கும். பட்டினி கிடந்த அந்த இறைச்சியை விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. சீமான்கள் தெற்கே திரும்பும் தேதியை நாடாளுமன்றமும் ரயிலும் மட்டும் தீர்மானிக்கவில்லை. மேய்ச்சலை நிறுத்திய கலைமானுக்கும் அதில் பங்குண்டு. விருந்தாளிகள் போனபிறகு குளிரிலும் பனியிலும் பிணைகளைச் சுட்டுக் குறைக்கும் வேலை ஸ்டாக்கருக்கு.

நிலவுடைமையாளர்கள் கலைகளின் இந்த நடமாட்டத்தைக் கொண்டே ஒரு தந்திரம் வகுத்தார்கள். எஸ்டேட்டின் நடுவே நல்ல புல்லுள்ள ஒரு பள்ளத்தாக்கைக் காப்பிடமாக ஒதுக்கி, பருவம் முழுவதும் அங்கே யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பிணைகள் அங்கே பெருகினால் அக்டோபரில் அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளின் கலைகளும் தாமாக வந்துசேரும் என்பது கணக்கு. அண்டை நிலத்தில் கோடை முழுவதும் புல் தின்று வளர்ந்த கலை இங்கே வந்து சுடப்படும். ஆகவே பிணையைச் சுடுவதில் யாருக்கும் அக்கறை இல்லை. இந்த நம்பிக்கை நூறாண்டுக்குமேல் நிலைத்தது. பிணைகளின் எண்ணிக்கை கட்டுமீறி வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் மலையடிவாரத்துச் சிறு குத்தகையாளர்கள். ஓட்ஸ் கதிர் முற்றும் நாளும் மான்கள் இரவில் இறங்கும் நாளும் ஒன்றாகவே வந்தன. 1883இல் அவர்களுடைய குறைகளை ஊர் ஊராகக் கேட்ட நேப்பியர் ஆணையத்தின் முன், மான் தின்ற பயிரைப் பற்றியும் கண்விழித்துக் காவல் கிடந்த இரவுகளைப் பற்றியும் பலர் சாட்சி சொன்னார்கள். அதே காலத்தில் வில்லியம் லூயிஸ் வினான்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கின்டெயில் வரை 2 லட்சம் ஏக்கருக்குமேல் குத்தகை எடுத்து, மானுக்கு எந்த இடைஞ்சலும் இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். ஓர் ஏழைக் குடியானவர் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டி தன் எல்லைக்குள் மேய்ந்தது என்று அவர் தொடுத்த வழக்கு 1885இல் எடின்பரோ உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1887 நவம்பரில் லூயிஸ் தீவின் பார்க் பகுதியில், நிலம் கேட்டு ஓய்ந்த மக்கள் நூற்றுக்கணக்கில் மான் எஸ்டேட்டுக்குள் நுழைந்து மான்களைச் சுட்டு வெட்டவெளியில் சமைத்து உண்டார்கள். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்களை எடின்பரோ நீதிமன்றம் விடுவித்தது. தங்கள் முன்னோர் உழுத வயலில் மான் மேய்வதைப் பார்த்துக்கொண்டு பசியோடு இருந்தவர்களின் கோபத்துக்கு அந்தத் தீர்ப்பு செவிசாய்த்தது என்றே சொல்ல வேண்டும்.

மானைச் சுடாமல் பின்தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் ஃபிரேசர் டார்லிங். 1934 முதல் 1936 வரை வெஸ்டர் ராஸில் ஆன் டெல்லக் மலையடியில் குடியிருந்து, ஒரு மந்தையின் பின்னாலேயே அலைந்தார். செருப்பின்றி வெறுங்காலோடு நடந்தால் நிலமும் மானும் நன்றாகப் புலப்படுகின்றன என்று கண்டு, அப்படியே நடக்கப் பழகினார். 1937இல் வந்த அவருடைய நூல் ஸ்டாக்கர்களின் அனுபவத்தை முறையான உயிரியலாக மாற்றியது. பிணைக்கூட்டத்தை நடத்துவது முதிய பிணை. பருவத்தில் கலை கூட்டத்தை வளைத்துக்கொண்டாலும் கூட்டம் எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது அதுவல்ல. கூட்டம் நகர்ந்தால் கலையின் எல்லையும் கூடவே நகர்கிறது. ஈ, காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை ஒரு நாளுக்குள்ளேயே மந்தையை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதையும் அவர் நாள்நாளாகக் குறித்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இறைச்சித் தட்டுப்பாட்டில், வண்டிகளில் வந்து விளக்கடித்து மான் சுடும் கள்ளக்கும்பல்கள் பெருகின. 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு எதிர்வினையாக வந்தது. செம்மான் ஆணையம் ஒன்றை அது அமைத்தது. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த வேட்டைக் காலத்துக்குச் சட்ட எல்லை கொடுத்தது. கலைகளை ஜூலை 1 முதல் அக்டோபர் 20 வரையிலும், பிணைகளை அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரையிலும் சுடலாம் என்றாயிற்று. அந்த அக்டோபர் எல்லையில் ஸ்டாக்கர்களின் பழைய கணக்கு அப்படியே தெரிகிறது.

மறுபடியும் ரம். 1845இல் தீவு சால்ஸ்பரி பிரபுவின் கைக்குப் போனது. மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. பிறகு புல்லோ என்ற ஆலைமுதலாளிக் குடும்பத்தின் தனி வேட்டைத் தீவாக இருந்து, 1957இல் தேசிய இயற்கைக் காப்பகமானது. 1972இல் தீவின் வட பகுதியில் சுடுவதை நிறுத்தினார்கள். டிம் கிளட்டன்-பிராக், ஃபியோனா கின்னஸ், ஸ்டீவ் ஆல்பன் ஆகியோரும் பின்வந்தவர்களும் அங்கே ஒவ்வொரு மானையும் முகம் கண்டு அறிந்து, பிறப்பு முதல் இறப்பு வரை பதிந்தார்கள். இன்றுவரை தொடரும் அந்தப் பதிவு, காட்டு விலங்குகளைப் பற்றிய மிக நீண்ட ஆய்வுகளில் ஒன்று.

கில்மோரி என்ற வடகரைப் பள்ளத்தாக்குதான் அதன் மையம். வெளியேற்றத்துக்கு முன்பு அது ஓர் ஊர். இடுகாடும் வீட்டுச் சுவர்களின் அடித்தளமும் எஞ்சியிருக்கின்றன. கடல்மணல் கலந்த தரையோடு தலைமுறை தலைமுறையாக மனிதர் பயிர்செய்து வளர்த்த மண்ணும் சேர்ந்து, தீவிலேயே நல்ல பசும்புல் அங்கே விளைகிறது. பிணைகள் அங்கே குவிகின்றன. அக்டோபரில் தீவின் மற்றப் பகுதிகளிலிருந்து கலைகள் அங்கே வருகின்றன. தீவின் மண்ணில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் குறைவென்பதால், ரம்மின் மான்கள் உதிர்ந்த கொம்பைக் கடிப்பதும், மலைவளைகளில் வாழும் ஷியர்வாட்டர் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்துத் தலையையும் காலையும் தின்பதும்கூடப் பதிவாகியிருக்கிறது. தாவர உண்ணி என்று வகுத்த விலங்கு எலும்புக்காக இவ்வளவு தூரம் போகும் என்பது எளிதில் நம்பக்கூடியதல்ல.

இணைப்பருவத்தைப் பற்றி ரம் கொடுத்த விடைகள் துல்லியமானவை. ஏழு முதல் பதினொரு வயதுக் கலைகளே பெரும்பாலும் கூட்டத்தை வைத்திருக்கின்றன. சண்டைக்கு முன் இரண்டு கலைகள் கர்ஜனையில் மோதிப்பார்க்கின்றன; பட்டினியோடு இடைவிடாமல் கர்ஜிப்பதற்கே உடல்வலு வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை முறை கர்ஜிக்கிறது என்பதே வலுவின் நேர்மையான அளவாகிறது. தோற்பது தெரிந்த கலை பெரும்பாலும் விலகிவிடும். விலகாதபோது இரண்டும் பக்கவாட்டில் நீள நடந்து அளந்துபார்த்து, பிறகுதான் கொம்பு பூட்டுகின்றன. காயம் சாதாரணம், கண்ணோ காலோ நிரந்தரமாகப் போவதும் உண்டு. அந்த ஆண்டு கன்று இல்லாமல் மேய்ந்த பிணைகள் முன்னதாகச் சூல் கொள்கின்றன. பாலூட்டிய பிணைகள் தாமதிக்கின்றன, சில அந்த ஆண்டைத் தவறவும் விடுகின்றன. கோடைப் புல்லின் அளவே அக்டோபரின் தேதியை நகர்த்துகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 235 நாள். அக்டோபர் நடுவுக்கு முன் கருவுற்றால் கன்று ஜூன் தொடக்கத்தில், இளம்புல்லோடு பிறக்கும். தாமதமாகப் பிறந்த கன்று குளிரைத் தாண்டுவது கடினம்.

சுடுவதை நிறுத்தியதும் பிணைகள் பெருகின. அதன் விளைவு எஸ்டேட்டுகளின் பழைய கணக்கை உடைத்தது. குட்டைப் புல்லைச் சிறிய வாயால் ஒட்ட மேயும் பிணைகளோடு போட்டியிட முடியாமல் பெரிய உடல்கொண்ட கலைகள் முரட்டுப் புல்லுக்கும் ஹெதருக்கும் ஒதுங்கின. ஆண் கன்றுகள் அதிகம் இறந்தன. இளங்கலைகள் அதிகம் வெளியேறின. வெளியிலிருந்து வருபவை குறைந்தன. கொழுப்பு முழுவதையும் அக்டோபரில் செலவிட்டுவிட்டு நவம்பருக்குள் நுழையும் கலைக்கு நல்ல புல்லும் கிடைக்காவிட்டால், பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் சாவுதான். பிணையைக் காத்தால் கலை பெருகும் என்று நம்பி நூறாண்டு நிலத்தை நடத்தியவர்கள், உண்மையில் கலைகளைப் பட்டினிக்குத் தள்ளியிருந்தார்கள். வேட்டை எஸ்டேட்டுகள் பிணைகளை அதிகமாகச் சுட வேண்டும் என்ற அறிவுரை இந்த ஆய்விலிருந்தே வலுப்பெற்றது.

காலமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1980 முதல் 28 ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டபோது, கொம்பு உதிர்வது, தோல் உரிவது, கலைகள் கூட்டம் பிடிப்பது, கன்று ஈனுவது ஆகியவை 5 முதல் 12 நாள் வரை முன்னால் வந்திருந்தன. வெப்பம் கூடி, புல் வளரும் காலம் நீண்டது முதன்மையான காரணம். முன்னதாக ஈனும் பிணைகளின் மரபு மந்தையில் பெருகியதும் ஓரளவு காரணம் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு கலைமான்களுக்கான வேட்டைத் தடைக்காலத்தையே நீக்கிவிட்டது. மான்கள் மிகுந்து இளமரங்கள் தலைதூக்க முடியாமல் போனதே அரசு சொன்ன காரணம். பருவம் முடிந்து மெலிந்து நிற்கும் கலைகளைச் சுடுவது முறையா என்று ஸ்டாக்கர்கள் பலர் எதிர்த்தார்கள். சட்டம் விலகிய பின்னும் பல எஸ்டேட்டுகளில் விருந்தாளிகளுக்கான கலைவேட்டை பழையபடி அக்டோபர் நடுவோடு முடிகிறது. அதற்குப் பிந்திய சூடு மரம் வளர்ப்பவர்களின் தோட்ட வேலிகளுக்குள்ளும், எண்ணிக்கை குறைக்கும் பொறுப்பேற்ற பொதுநிலங்களிலும் நடக்கிறது.